ராக்லன் யார்? பாலக்லாவாவில் குதிரைவீரர்கள் செத்ததற்கு அவர்தான் காரணமா?

கேள்வி இது: "திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தினமும் 'ராக்லன் கை' என்று சொல்லித்தான் துணி வெட்டுகிறோம். ராக்லன் என்பவர் ஒரு இங்கிலீஷ் பிரபு என்றும், அவர் போட்ட முட்டாள்தனமான ஓர் உத்தரவால் 600 குதிரைவீரர்கள் செத்துப்போனார்கள் என்றும் நண்பர் ஒருவர் சொன்னார். உண்மையா?"

பாதி உண்மை. பெயர் அவருடையதுதான், உத்தரவும் அவருடையதுதான். ஆனால் 600 பேர் சாகவில்லை. அந்த உத்தரவு முட்டாள்தனத்தில் பிறந்ததும் இல்லை. ஏறக்குறைய நாற்பது வருடம் இன்னொருவருக்கு மிக நல்ல செயலாளராக இருந்த மனிதர், 65 வயதில் முதல்முறையாகத் தானே படை நடத்தப் போனார். அங்கிருந்து பார்த்தால்தான் அந்த உத்தரவுச் சீட்டு புரியும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இவரைப் பற்றி ஒரு வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

முதலில் உங்கள் தொழில். சாதாரண டி-ஷர்ட்டில் கைத்துணி தோள்முனையில் வந்து சேரும், அங்கே வட்டமாக ஒரு தையல் ஓடும். ராக்லனில் அந்தத் தோள் தையலே கிடையாது. அக்குளில் தொடங்கும் தையல் சாய்வாக ஏறிக் கழுத்துப்பட்டியில் போய் முடியும். தோளும் கையும் ஒரே துண்டு. கையைத் தூக்கினால் பிடிக்காது, போடவும் கழற்றவும் லேசு. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்படி வெட்டிய மேல்கோட்டுக்குத்தான் அவர் பெயர் வந்தது. வலது கை இல்லாத அவருக்காகவே வெட்டப்பட்ட கோட்டு என்று தையல் உலகில் வழிவழியாகச் சொல்வார்கள். அவர் படை நடத்திய, ரஷ்யாவோடு நடந்த கிரிமியப் போரிலிருந்து துணிக்கடைக்கு வந்த பெயர்கள் இன்னும் இரண்டு உண்டு. முன்பக்கம் பட்டன் வைத்த கம்பளிச் சட்டையான 'கார்டிகன்', அவருக்குக் கீழே இருந்த ஒரு குதிரைப்படைத் தளபதியின் பிரபுப் பட்டம். முகத்தை மூடும் 'பாலக்லாவா' குல்லா, அந்தப் போரில் பிரிட்டிஷ் படை பயன்படுத்திய துறைமுகத்தின் பெயர். ஒரு குளிர்காலத்தில் சரியான உடுப்பு இல்லாமல் மனிதர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்த போர் அது. அந்தப் போரின் பெயர்கள் கதகதப்பான உடுப்புகளில் தங்கிவிட்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

இனி ஆளைப் பார்ப்போம். பெயர் ஃபிட்ஸ்ராய் ஜேம்ஸ் ஹென்றி சோமர்செட். 1788 செப்டம்பர் 30 அன்று, இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயர் பகுதியிலுள்ள பாட்மிண்டன் மாளிகையில் பிறந்தார். ஆம், இறகுப்பந்தாட்டத்துக்குப் பெயர் தந்த அதே பாட்மிண்டன்தான். அப்பா ஐந்தாவது போஃபர்ட் கோமகன். இவர் கடைக்குட்டி. அம்மா எலிசபெத், அட்மிரல் எட்வர்ட் போஸ்காவனின் மகள். 1748ல் புதுச்சேரியை முற்றுகையிட்டு, மழையும் நோயும் படையை அரிக்க, பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவிடம் தோற்றுத் திரும்பினாரே, அதே போஸ்காவன். தாத்தா நம் கடற்கரையில் பட்ட பாட்டைப் பேரன் நூறு வருடம் கழித்துக் கருங்கடல் ஓரத்தில் பட்டார்.

இங்கே 'லார்ட்' என்ற சொல்லைப் பற்றி ஒரு விளக்கம் தேவை, பலர் இதில் குழம்புகிறார்கள். இங்கிலாந்தில் கோமகன் இறந்தால் பட்டமும் நிலமும் மாளிகையும் மூத்த மகனுக்குத்தான். நம்மைப் போல அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிப்பது கிடையாது. இளைய மகன்களுக்குப் பெயருக்கு முன்னால் 'லார்ட்' என்று மரியாதைக்குப் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவே. பிரபுக்கள் சபையில் இடம் இல்லை, எழுதிவைத்த சொத்தும் பெரிதாக இராது. அதனால் இளையவர்கள் படைக்கோ தேவாலயத்துக்கோ போவார்கள். இவர் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் படித்துவிட்டு 1804ல் நான்காவது லைட் டிராகூன் குதிரைப்படையில் கடைநிலை அதிகாரியாகச் சேர்ந்தார். வயது 15. அப்போதிருந்து 1852 வரை 'லார்ட் ஃபிட்ஸ்ராய் சோமர்செட்'. ராக்லன் என்ற பெயர் 64 வயதில்தான் வந்தது. உலகம் அறிந்த அந்தப் பெயரோடு அவர் வாழ்ந்தது மூன்று வருடம்கூட இல்லை.

1808ல் அவர் வாழ்க்கையைத் தீர்மானித்தது ஒரு வேலை. நெப்போலியனின் பிரெஞ்சுப் படையை எதிர்க்கப் போர்ச்சுகலுக்குப் படையோடு போன சர் ஆர்தர் வெல்லஸ்லிக்கு ஏடிசியாக, அதாவது கூடவே இருந்து உத்தரவுகளைக் கொண்டுபோகும் உதவி அதிகாரியாகப் போனார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவோடு நடந்த கடைசிப் போரில் இருந்தவர்தான் அந்த வெல்லஸ்லி. பின்னாளில் வெலிங்டன் கோமகன். அவர் எளிதில் யாரையும் நம்பமாட்டார், வெடுக்கென்று பேசுவார், நாலு வார்த்தையில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அந்த நாலு வார்த்தையைப் புரிந்துகொண்டு, யாருக்கும் மனம் நோகாமல், தெளிவான கடிதமாக்கி, உரிய ஆளிடம் சேர்க்க ஒருவர் வேண்டும். இருபத்திரண்டு வயதில் சோமர்செட் அந்த ஆள் ஆகிவிட்டார். பிரெஞ்சு நன்றாகப் பேசுவார், பதற்றம் கிடையாது. புசாக்கோ சண்டையில் காயம் பட்டது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விரைவிலேயே வெலிங்டனின் ராணுவச் செயலாளர் ஆனார்.

கோழை என்றோ நாற்காலி வீரர் என்றோ நினைத்துவிடாதீர்கள். 1812 ஏப்ரலில் ஸ்பெயினின் படாஹோஸ் கோட்டையை இரவோடு இரவாக ஏறிப் பிடித்தார்கள், பயங்கரமான உயிர்ச்சேதம். பிரெஞ்சுத் தளபதி மிச்சப் படையோடு ஆற்றைத் தாண்டி சான் கிறிஸ்டோபல் என்ற சிறு கோட்டைக்குள் போய்விட்டார். அவர்கள் மூச்சுவாங்கி மறுபடி தயாராவதற்குள், விடியும்போதே நேரே அங்கே குதிரையில் போய், சரணடையச் சொல்லி வாங்கியவர் இந்த சோமர்செட். தைரியத்தில் அவருக்குக் கடைசிவரை குறையே இருந்ததில்லை.

1814ல் வெலிங்டனின் அண்ணன் மகள் எமிலியைக் கல்யாணம் செய்துகொண்டார். செயலாளர் இப்போது வீட்டு மாப்பிள்ளையும் ஆகிவிட்டார்.

அடுத்த வருடம் நெப்போலியனோடு வாட்டர்லூ சண்டை. 1815 ஜூன் 18 மாலை, வெலிங்டனுக்குப் பக்கத்தில் கைக்குக் கை உரசும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். எதிரே லா ஹே சாந்த் என்ற பண்ணைவீடு பிரெஞ்சுக்காரர்கள் கையில் விழுந்திருந்தது. அதன் கூரையிலிருந்து சுட்ட ஒரு குண்டு அவர் வலது முழங்கையைச் சிதைத்தது. தானே நடந்து மருத்துவரிடம் போனார். மயக்கமருந்து வருவதற்கு முப்பது வருடத்துக்கு முந்தைய காலம். முழங்கைக்கு மேலே வைத்து வெட்டி எடுத்தார்கள். அதே அறையில் காயத்தோடு படுத்திருந்த நெதர்லாந்து இளவரசருக்கு, பக்கத்தில் கை வெட்டுகிறார்கள் என்பதே தெரியவில்லையாம். ஒரு முனகல்கூட இல்லை. வெட்டிய கையைத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் சோமர்செட் குரல் கொடுத்தார்: "அந்தக் கையை இங்கே கொண்டுவா. என் மனைவி கொடுத்த மோதிரம் அதில் இருக்கிறது." இந்தக் கதையை எத்தனை முறை படித்தாலும் நான் அந்த இடத்தில் நின்றுவிடுவேன். பிறகு இடது கையால் எழுதப் பழகினார். எழுத்தே பிழைப்பான மனிதருக்கு எழுதும் கை போயிற்று. ஆனாலும் செயலாளர் வேலையை விடவில்லை.

அடுத்த முப்பத்தேழு வருடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது ஒரே மேசை. இடையில் ட்ரூரோ தொகுதிக்கு இரண்டு முறை நாடாளுமன்ற உறுப்பினர். 1827 முதல் 1852 வரை, முழுதாக 25 வருடம், லண்டனில் 'ஹார்ஸ் கார்ட்ஸ்' எனப்படும் படைத் தலைமையகத்தில் ராணுவச் செயலாளர். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் காலாட்படையிலும் குதிரைப்படையிலும் அதிகாரி பதவியைக் காசு கொடுத்து வாங்கவேண்டும். ஒவ்வொரு படிக்கும் விலை உண்டு. குதிரைப்படை ரெஜிமெண்ட் ஒன்றின் தலைமைப் பதவிக்கு அரசு குறித்த விலையே 6,000 பவுனுக்கு மேல். உள்ளே கைமாறியது அதற்கும் மிக மேல். பிரபு வீட்டுப் பையன் பணம் கட்டி கர்னல் ஆவான், இருபது வருடம் இந்தியாவில் சண்டை போட்டவன் கேப்டனாகவே ஓய்வு பெறுவான். அந்த வாங்கல் விற்கல் தாள்கள் எல்லாம் சோமர்செட் மேசை வழியாகத்தான் போயின. அவர் ஒரு காசு தொட்டவர் இல்லை. எல்லோரிடமும் அன்பாகப் பேசினார், எல்லோருக்கும் தன் கையால் பதில் எழுதினார். ஆனால் அந்த ஏற்பாடு தப்பு என்று அவர் குரல் கொடுத்ததில்லை. அது ஒழிந்தது 1871ல், அவர் போய்ப் பதினாறு வருடம் கழித்து.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். படைக்குச் சாமான் ஏற்றிச்செல்வதற்கென்று இருந்த வண்டிப் பிரிவை 1833ல் செலவுக் குறைப்பு என்று கலைத்துவிட்டார்கள். அப்போதும் அந்த மேசையில் இருந்தவர் இவர்தான்.

1845 டிசம்பரில் பஞ்சாபில் சீக்கியர்களோடு நடந்த ஃபெரோஸ்ஷா சண்டையில் மூத்த மகன் ஆர்தர் அடிபட்டு இறந்தான். கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்சுக்கு ராணுவச் செயலாளராக இருந்தான். அப்பா பார்த்த அதே வேலை.

1852 செப்டம்பர் 14ல் வெலிங்டன் இறந்தார். அவர் இருந்த தலைமைத் தளபதி நாற்காலி சோமர்செட்டுக்கு வரும் என்று பலர் எதிர்பார்த்தார்கள், ஹார்டிஞ்சுக்குப் போனது. இவருக்குப் பீரங்கித் தளவாடத் துறையின் தலைமையும், ராக்லன் பிரபு என்ற பட்டமும் கிடைத்தன. ராக்லன் என்பது அவர்கள் குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு பழைய கோட்டை இருக்கும் ஊர். அக்டோபர் 1852ல்தான் அவர் உண்மையான 'லார்ட்' ஆனார்.

1854ல் ரஷ்யாவோடு போர். துருக்கி சாம்ராஜ்யம் தளர்ந்துகொண்டிருந்தது. அந்த இடத்தை ரஷ்யா பிடித்துவிடக்கூடாது என்று பிரிட்டனும் பிரான்சும் கைகோர்த்தன. தளபதியாக யாரை அனுப்புவது? பிரெஞ்சுப் படையோடு ஒத்துப்போக வேண்டும், பிரெஞ்சு பேச வேண்டும், கோபப்படக்கூடாது. அப்படிப் பார்த்தால் ராக்லனை விட்டால் ஆளில்லை. ஆனால் 65 வயதான அவர் அதுவரை ஒரு பட்டாலியனைக்கூடப் போர்க்களத்தில் நடத்தியதில்லை. இளமைப் பழக்கத்தில் எதிரியைச் சொல்லும்போதெல்லாம் "பிரெஞ்சுக்காரர்கள்" என்று வாய்தவறிச் சொல்லிவிடுவார். நட்புப் படையின் பிரெஞ்சு அதிகாரிகள் பக்கத்திலேயே இருப்பார்கள்.

1854 செப்டம்பர் 14, வெலிங்டன் இறந்து சரியாக இரண்டு வருடம் ஆன நாளில், கருங்கடல் ஓரத்தில் ரஷ்யாவுக்குச் சொந்தமான கிரிமியாவில் இறங்கினார்கள். பிரிட்டன், பிரான்சு, துருக்கி என மூன்று நாட்டுப் படையும் சேர்ந்து சுமார் 60,000 பேர். இறங்கும்போதே காலரா கூட வந்துவிட்டது. வண்டிகள் போதவில்லை, பிரிட்டிஷ் சிப்பாய்கள் முதல் இரவு கூடாரமில்லாமல் மழையில் கிடந்தார்கள். செப்டம்பர் 20ல் ஆல்மா ஆற்றங்கரையில் முதல் சண்டை. ராக்லன் தன் ஆட்களை முந்திக்கொண்டு ஆற்றைக் கடந்து, ரஷ்ய அணிகளுக்கு நடுவிலேயே ஒரு மேட்டில் ஏறி நின்றார். அங்கே இரண்டு பீரங்கிகளை வரவழைத்தது ரஷ்யர்களைக் குலைத்தது. ஆனால் தளபதி அங்கே போய் நின்றால் படையை நடத்துவது யார்? உத்தரவு கொண்டுபோன ஏடிசி காலத்துக் கால்கள் அவரை அங்கே கூட்டிப்போயின என்றுதான் நினைக்கிறேன். சண்டை ஜெயித்தது. துரத்திப்போக விரும்பினார், பிரெஞ்சுத் தளபதி மறுத்தார், இவர் வற்புறுத்தவில்லை. ரஷ்யர்களின் செவஸ்தபோல் கோட்டையை உடனே தாக்கியிருந்தால் விழுந்திருக்கும் என்று அப்போதே பேச்சு இருந்தது. அதற்குப் பதிலாகச் சுற்றிவந்து தெற்கே பாலக்லாவா துறைமுகத்தைப் பிடித்து, முற்றுகை போட்டார்கள்.

இப்போது உங்கள் நண்பர் சொன்ன நாள். 1854 அக்டோபர் 25.

இடத்தைக் கண்முன் கொண்டுவந்தால்தான் விஷயம் விளங்கும். இரண்டு பள்ளத்தாக்குகள், நடுவே ஒரு நீண்ட மேட்டுவரிசை. அந்த மேட்டில் துருக்கியர்கள் காவல் காத்த சிறு அரண்கள், அவற்றில் பிரிட்டிஷ் பீரங்கிகள். விடியற்காலையில் ரஷ்யர்கள் வந்து அரண்களைப் பிடித்துவிட்டார்கள். ராக்லன் மேற்கே சப்பூன் குன்றின் உச்சியில், ஏறக்குறைய 600 அடி உயரத்தில் இருந்தார். அங்கிருந்து இரண்டு பள்ளத்தாக்கும் படம் விரித்ததுபோலத் தெரியும். குதிரைப்படைத் தலைவர் லூக்கன் பிரபு கீழே பள்ளத்தில். அவர் கண்ணுக்குத் தெரிந்தது பக்கத்து மேடு மட்டும்தான். இந்த உயர வித்தியாசம் அன்றைய ராக்லன் மனதில் ஒரு நிமிடம் வந்திருந்தால் போதும், கதை வேறாகியிருக்கும்.

காலையில் சண்டை நன்றாகத்தான் போனது. காலின் கேம்ப்பெலின் ஸ்காட்டிஷ் காலாட்படை மெல்லிய வரிசையாக நின்று ரஷ்யக் குதிரைகளைத் தடுத்தது. கனரகக் குதிரைப்படை மேட்டை நோக்கியே பாய்ந்து எதிரியை விரட்டியது. பிறகு மேட்டைத் திரும்பப் பிடிக்க வாய்ப்பிருந்தால் முன்னேறு, காலாட்படை துணைக்கு வரும் என்று லூக்கனுக்கு உத்தரவு போனது. லூக்கன் காலாட்படைக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. அப்போது ராக்லன் பக்கத்தில் இருந்த ஒருவர், ரஷ்யர்கள் அரண்களிலிருந்து பிரிட்டிஷ் பீரங்கிகளை இழுத்துக்கொண்டுபோகத் தயாராகிறார்கள் என்று காட்டினார். வெலிங்டனிடம் வளர்ந்தவருக்குப் பீரங்கி பறிகொடுப்பது பெரும் அவமானம். உடனே சொன்னார், ஏரி என்ற தலைமை அதிகாரி பென்சிலால் ஒரு சீட்டில் எழுதினார். அந்தச் சீட்டு இன்றும் லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமிழில் அது இப்படி வரும்:

"குதிரைப்படை வேகமாக முன்னே சென்று, எதிரியைத் தொடர்ந்து போய், பீரங்கிகளை அவர்கள் கொண்டுசெல்லாமல் தடுக்க முயலவேண்டும் என்று லார்ட் ராக்லன் விரும்புகிறார். குதிரைப் பீரங்கிப் பிரிவு உடன் செல்லலாம். பிரெஞ்சுக் குதிரைப்படை உங்கள் இடப்பக்கம் இருக்கிறது. உடனே."

மெதுவாக இன்னொரு முறை படியுங்கள். 'விரும்புகிறார்'. 'முயலவேண்டும்'. 'செல்லலாம்'. லண்டன் அலுவலகத்தில் ஒரு பிரபு இன்னொரு பிரபுவுக்கு எழுதும் நயமான பாஷை இது. எந்த முன்பக்கம்? எந்த எதிரி? எந்தப் பீரங்கி? மூன்றும் இல்லை. குன்றின் மேலிருந்தவருக்கு மூன்றும் கண்முன் இருந்தன, அதனால் எழுதத் தோன்றவில்லை. முந்தைய உத்தரவில் 'மேடு' என்ற சொல் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் பொருள் விளங்கும் என்று எண்ணியிருக்கலாம். நாற்பது வருடம் வெலிங்டன் பேசியதைப் புரிந்துகொள்ள ராக்லன் இருந்தார். ராக்லன் பேசியதைப் புரிந்துகொள்ள ஒரு ராக்லன் இல்லை.

சீட்டைக் கொண்டுபோனவர் கேப்டன் நோலன். மெட்ராஸ் படைத்தலைவரிடம் ஏடிசியாக இருந்தவர், குதிரையேற்றத்தில் கெட்டிக்காரர். செங்குத்தான சரிவில் மற்றவர்களைவிட வேகமாக இறங்குவார் என்றே அவரிடம் கொடுத்தார்கள். கிளம்பும்போது, குதிரைப்படை உடனே தாக்கவேண்டும் என்று லூக்கனிடம் சொல் என ராக்லன் பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொன்னார். நோலனுக்கு லூக்கன் மேல் ஏற்கெனவே கடுப்பு, குதிரைப்படையைச் சும்மா நிறுத்திவைக்கிறார் என்று. லூக்கன் சீட்டைப் படித்துவிட்டு "எதைத் தாக்க? எந்தப் பீரங்கி?" என்று கேட்டார். நோலன் கையை வீசி, "அதோ உங்கள் எதிரி, அதோ உங்கள் பீரங்கிகள்" என்றார். அந்தக் கை நீண்ட திசையில் லூக்கனுக்குத் தெரிந்தது வடக்குப் பள்ளத்தாக்கின் கோடியில், ஒன்றேகால் மைல் தள்ளி, ரஷ்யப் பீரங்கிகள். இரண்டு பக்க மேட்டிலும் ரஷ்யர்கள்.

லூக்கன் திரும்ப ஆளனுப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. லூக்கனுக்குக் கீழே இருந்த இலகு குதிரைப்படையான லைட் பிரிகேடின் தலைவர் கார்டிகன், லூக்கன் மனைவியின் உடன்பிறந்தவர். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மாமன் மச்சான் இருவரும் நாலு வார்த்தை மனம்விட்டுப் பேசியிருந்தால் நின்றிருக்கும். பேசவில்லை. இந்த இருவரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் என்ன ஆகும் என்று லண்டனில் எல்லோருக்கும் தெரியும், அதிகாரிகள் குணமெல்லாம் மனப்பாடமான ராக்லனுக்கு நிச்சயம் தெரியும்.

சுமார் 670 பேர் போனார்கள். நோலன் முதல் குண்டுச் சிதறலிலேயே விழுந்தார். பீரங்கிகளை எட்டி, வெட்டி, ஆனால் பிடித்துவைக்க ஆளில்லாமல் அதே வழியாகத் திரும்பினார்கள். எல்லாம் இருபது நிமிடம். இறந்தவர்கள் நூற்றுக்கு மேல், காயமும் கைதும் சேர்த்தால் பாதிப்பேர் வரை நெருங்கும். 300க்கும் மேற்பட்ட குதிரைகள் போயின. 'அறுநூறு' என்பது போனவர்களின் எண்ணிக்கை. அந்தச் சண்டையைப் பாடிய புகழ்பெற்ற ஆங்கிலக் கவிதையிலிருந்து அது செத்தவர்களின் எண்ணிக்கைபோலப் பரவிவிட்டது. "லைட் பிரிகேடைத் தொலைத்துவிட்டீர்கள்" என்று ராக்லன் லூக்கனிடம் சொன்னார். அரசாங்கத்துக்கு எழுதிய அறிக்கையில், உத்தரவைத் தவறாகப் புரிந்துகொண்டதால் என்று எழுதினார். லூக்கன் ராணுவ நீதிமன்ற விசாரணை கேட்டார், கொடுக்கவில்லை. இந்த இடத்தில் ராக்லனிடம் எனக்கு வருத்தம் உண்டு. வாழ்நாள் முழுக்கப் பிறர் சொல்லைத் தெளிவாக எழுதிக்கொடுத்தவர், தன் சொல் தெளிவாக இல்லை என்பதை ஒரு வரியில் ஒப்புக்கொண்டிருக்கலாம்.

ஆனால் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் பாலக்லாவாவில் இல்லை, அதற்கடுத்த குளிர்காலத்தில் இருக்கிறது. எல்லோரும் அந்த இருபது நிமிடத்தையே பேசுகிறார்கள்.

நவம்பர் 5ல் இன்கர்மன் சண்டை, மூடுபனியில் கைகலப்பாக நடந்தது, ஜெயித்தார்கள். அதற்காக ராக்லனுக்கு ஃபீல்டு மார்ஷல் பதவி. நவம்பர் 14ல் பெரும்புயல். துறைமுகத்துக்கு வெளியே நின்ற 'பிரின்ஸ்' என்ற கப்பல் குளிர்கால உடுப்பு முழுவதோடும் மூழ்கியது. துறைமுகத்திலிருந்து முகாம் ஆறேழு மைல்தான். அந்தப் பாதை சேறாகிவிட்டது. தீனி இல்லாமல் குதிரைகள் ஒன்றின் வாலை ஒன்று தின்று செத்தன. துறைமுகத்தில் சாமான் குவிந்துகிடக்க, ஆறு மைலுக்கு அப்பால் சிப்பாய்கள் பட்டினி. காப்பி கொடுத்தார்கள், வறுக்காத பச்சைக் கொட்டையாக. விறகே இல்லாத இடத்தில் அதை வறுப்பது எப்படி, அரைப்பது எப்படி? ஈறு அழுகும் ஸ்கர்வி நோய் பரவியபோது, அதற்கு மருந்தான எலுமிச்சைச் சாறு டிசம்பரிலேயே கப்பலில் வந்து இறங்கியிருந்தது. அன்றாட உணவுப் படிப் பட்டியலில் இல்லை என்பதால் பிப்ரவரி வரை கொடுக்கப்படவில்லை. அந்தப் போரில் பிரிட்டிஷ் தரப்பில் நோயால் மட்டும் சுமார் 16,000 பேர் இறந்தார்கள். சண்டையில் களத்திலேயே விழுந்தவர்கள் 3,000க்கும் குறைவு.

யார் பொறுப்பு? சாப்பாடும் வண்டியும் கமிசரியட் என்ற துறையின் கையில். அது படைக்குக் கீழே இல்லை, லண்டன் கருவூலத்துக்குக் கீழே. பீரங்கிக்குத் தனி வாரியம், மருத்துவத்துக்குத் தனித் துறை, காசுக்குத் தனி அமைச்சர். தளபதி கேட்கலாம், கட்டளையிட முடியாது. பத்திரிகைகள் ராக்லனைத் திட்டின, குறிப்பாக 'தி டைம்ஸ்'. களத்திலிருந்து அதன் நிருபர் ரஸ்ஸல் அனுப்பிய செய்திகளைப் படித்து நாடே கொதித்தது. 1855 ஜனவரியில் விசாரணைத் தீர்மானம் 305க்கு 148 என்று நிறைவேறி அரசாங்கம் கவிழ்ந்தது. புதிய அமைச்சர் கடுமையாக எழுதினார். தளபதி முகாமில் தெரியவே இல்லை, சிப்பாய்களைப் பார்ப்பதே இல்லை என்றார்கள். அது உண்மையில்லை. மழையிலும் பனியிலும் ஒற்றைக் கையால் கடிவாளம் பிடித்து முகாம் முகாமாகப் போனார். சாதாரண கோட்டுப் போட்டு, யாரும் வாழ்த்துக் குரல் எழுப்புவதற்குள் நகர்ந்துவிடுவார். அதனால் வந்தது தளபதி என்றே பலருக்குத் தெரியாது. கூச்சமும் பணிவும் வீட்டில் அழகு. செத்துக்கொண்டிருக்கும் படைக்குத் தன் தளபதி வந்துபோனது தெரிய வேண்டும்.

என் கணிப்பு இது. அந்தக் குளிர்காலத்தை 1854ல் எந்தத் தளபதி வந்திருந்தாலும் பெரிதாக மாற்றியிருக்க முடியாது. ஆனால் வண்டிப் பிரிவைக் கலைத்தபோதும், துறைகள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லாமல் கிடந்தபோதும், பதவிகள் விலைக்குப் போனபோதும், எல்லாம் தெரிந்த நாற்காலியில் 25 வருடம் உட்கார்ந்திருந்தவர் அவர். ஸ்பெயினில் வெலிங்டன் சாப்பாட்டுக்கும் கோவேறு கழுதைக்கும் எப்படி மல்லுக்கட்டினார் என்பதைப் பக்கத்திலிருந்து எழுதியவரும் அவரே. பென்சில் சீட்டு ஒரு கணத்துப் பிழை, அதை மன்னிக்க என்னால் முடிகிறது. அந்த 25 வருட மௌனத்தைத்தான் முடியவில்லை.

1855 மே மாதம் பாலக்லாவாவுக்கு வந்த ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் காய்ச்சலில் விழுந்தபோது, ராக்லன் மழையில் நனைந்துகொண்டு அவரைப் பார்க்கப் போனார். நல்ல மனிதர் என்பதில் அவரை வெறுத்தவர்களுக்கும் சந்தேகம் வந்ததில்லை.

கடைசி அடியும் அந்த நல்ல குணத்தாலேயே வந்தது. 1855 ஜூன் 18, வாட்டர்லூவின் நாற்பதாம் ஆண்டு நாளில், கூட்டுப்படை செவஸ்தபோலைத் தாக்கத் திட்டம். விடிந்ததும் இரண்டு மணிநேரம் பீரங்கி அடித்துவிட்டுத்தான் ஏறுவது என்று பேசியிருந்தார்கள். முந்தின நாள் மாலை பிரெஞ்சுத் தளபதி பெலிஸியே திட்டத்தை மாற்றி, விடியும்போதே ஏறுவோம் என்றார். ராக்லனுக்குச் சரியாகப் படவில்லை, ஆனாலும் ஒப்புக்கொண்டார். பிரெஞ்சு அணி ஒன்று சமிக்ஞை என்று தவறாக நினைத்து முன்கூட்டியே கிளம்பி அழிந்தது. அது கண்முன் நடக்கும்போது, ஜெயிக்காது என்று தெரிந்தும், கூட்டாளி சாகும்போது நாம் நின்று வேடிக்கை பார்த்தோம் என்று ஆகக்கூடாது என ராக்லன் தன் ஆட்களை ரெடான் அரணை நோக்கி அனுப்பினார். சுமார் 1,500 பேர் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள்.

அதன் பிறகு அவர் எழவில்லை. ஆறு நாளில் அவருடைய நெருங்கிய அதிகாரி எஸ்ட்கோர்ட் காலராவில் போனார். அடக்கத்துக்குப் போகக்கூட ராக்லனால் முடியவில்லை. வயிற்றுப்போக்கு நோயோடு படுத்து, ஜூன் 28 இரவு இறந்தார். அவரோடு ஓயாமல் முரண்பட்ட, முரட்டு மனிதர் என்று பெயரெடுத்த பெலிஸியே, அந்தப் படுக்கையருகே ஒரு மணிநேரம் நின்று குழந்தைபோல அழுதார்.

ஜூலை 3ல் பீரங்கி வண்டியில் உடலை வைத்துக் கசாச் விரிகுடாவுக்குக் கொண்டுபோனார்கள். பிரிட்டன், பிரான்சு, துருக்கி, அதற்குள் போரில் சேர்ந்திருந்த சார்டினியா என நான்கு நாட்டுத் தளபதிகளும் வண்டியோடு குதிரையில் போனார்கள். 'காரடாக்' என்ற கப்பல் உடலை ஊருக்குக் கொண்டுவந்தது. ஜூலை 26ல், வீட்டார் மட்டும் கூடி, பிறந்த அதே பாட்மிண்டனில் மாளிகையை ஒட்டிய தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.